மேற்கணக்கைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, பாடசாலை விட்டுத் தலவாக்கலையிலிருந்து ஹட்டன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மழைக்கு ஜன்னல்களை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஜேர்மனியிலிருந்து நிவேதா அனுப்பியிருந்தாள். அவளுடைய அப்பா மகேந்திரன் அண்ணன் நீலச் சட்டையில், சிரிக்கச் சொன்னதால் சிரிக்க மறந்துபோன முகத்தோடு இருந்தார். மரண அறிவித்தல் என்று புரிய எனக்குச் சற்று நேரம் எடுத்தது. படத்தின் கீழே இப்படித் தொடங்கியது: “தலவாக்கலை மஞ்சக்கல் தோட்டம் மேற்கணக்கைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சி மற்றும் ஜேர்மனி ஹம்பேர்க் ஆகியவற்றை வதிவிடமாகவும் கொண்ட பெரியசாமி மகேந்திரன் அவர்கள்…”

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, ஒரு கடையின் தாழ்வாரத்தில் நின்று நிவேதாவுக்கு அழைப்பெடுத்தேன்.

“அப்பா நேற்றுக் காலமை போட்டார் அன்ரி. நித்திரையிலைதான். அம்மா பக்கத்திலை இருந்தவ” என்றாள். பிறகு, “அந்த முதல் வரியை அப்பாவே எழுதி வைச்சவர். ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கோ, இதை மட்டும் மாத்தாதேங்கோ எண்டு சொன்னவர்” என்றாள்.

எங்கள் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் ‘கணக்கு’ என்போம். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு கூட்டல் கழித்தல் போலக் கேட்கும். ஹம்பேர்க்கில் அண்ணனை அறிந்த பலருக்கு அந்த வரி இப்போது புதிதாக இருக்காது. ஆனால் அவர் வாயிலிருந்து அது முதன்முதலாக எப்படி வெளியே வந்தது என்பது அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்குத்தான் தெரியும். இங்கே தலவாக்கலையில் அவரை அறிந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். அங்கே உள்ளவர்களுக்கும் இங்கே உள்ளவர்களுக்கும் சொல்வதற்கு, அவர் வீட்டில் நான் கழித்த மூன்று நாட்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை எழுதி வைப்பதே என்னால் முடிந்த அஞ்சலி.

ஏழு வருடங்களுக்கு முன் நடந்தது. எங்கள் தோட்டப் பாடசாலைக்கும் ஹம்பேர்க்கில் உள்ள ஒரு பாடசாலைக்கும் இடையே ஒரு நட்புத் திட்டம் இருந்தது. அதில் ஆங்கில ஆசிரியையான என்னைப் பத்து நாட்களுக்கு அழைத்திருந்தார்கள். அதற்கு முன் நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கே இரண்டு முறைதான் போயிருக்கிறேன், அதுவும் மற்றவர்களை வழியனுப்ப. ஏழு நாட்கள் நன்றாகப் போயின. என்னைத் தன் வீட்டில் தங்கவைத்திருந்த ஜேர்மன் ஆசிரியையின் தாயாருக்கு எட்டாம் நாள் சுகமில்லாமல் போனது. அவர் வேறு ஊருக்கு ஓட வேண்டியதாயிற்று. கடைசி மூன்று நாட்களுக்கு ஒரு சிறிய விடுதியில் எனக்கு இடம் சொல்லி வைத்து, நூறு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

பெட்டியோடு விடுதிக்குப் போனால் என் பெயரில் அறை இல்லை. அடுத்த மாதத்து அதே தேதிக்குப் பதிவாகியிருந்தது. துறைமுகத்தில் ஏதோ கண்காட்சி நடப்பதால் நகரத்தில் எங்குமே அறை கிடைக்காது என்று அங்கிருந்த பெண் இரக்கத்தோடு சொன்னாள். ஆசிரியையின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. மாலை மூன்று மணி இருக்கும். தூறல். நம் நுவரெலியாக் குளிரைக் கண்ட எனக்குக் குளிர் புதிதல்ல; ஆனால் நுவரெலியாக் குளிரில் எனக்குப் போக ஒரு வீடு இருந்தது.

பஸ் தரிப்பிடத்தில் நின்று தலவாக்கலையிலிருக்கும் என் தங்கைக்கு அழைப்பெடுத்தேன்.

“அடியே, இங்க ஒரு கூத்துடி. ரூமு இல்லைங்கிறாங்க. பொட்டியத் தூக்கிக்கிட்டு நடு ரோட்டுல நிக்கிறேன்.”

“ஐயையோ, போலீஸுக்குப் போக்கா!”

“போலீஸுக்குப் போயி என்னான்னு சொல்றது? நான் காணாமப் போகலடி, ரூமுதான் காணாமப் போயிருச்சு.”

பேசி முடித்துத் திரும்பியபோது பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கறுப்புக் குளிர்ச்சட்டைக்குக் கீழே வெள்ளைக் காற்சட்டை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவர்களின் உடுப்பு என்று பிறகு அறிந்தேன்.

“அக்கா தமிழோ?” என்று கேட்டார். “எங்கையிருந்து வாறியள்?”

யாழ்ப்பாணப் பேச்சு. நான் இலங்கை என்றேன். இலங்கையில் எங்கே என்று கேட்டார். தலவாக்கலை என்றேன்.

அவருடைய பஸ் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. அவர் ஏறவில்லை.

“தலவாக்கலையில எங்க?” என்றார்.

அந்த இரண்டு சொற்களிலும் ஏதோ மாறியிருந்தது. அப்போது என் காதில் அது ஏறவில்லை. என் தோட்டத்தின் பெயரையும், அங்கே ஆசிரியையாக இருப்பதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மீண்டும் பழைய பேச்சுக்குப் போனார். “எங்கடை வீடு பத்து நிமிஷம்தான் ரீச்சர். மூண்டு நாளும் அங்கை நில்லுங்கோ.”

தனியாக வந்த பெண், தெரியாத மனிதர். நான் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு அழைப்பெடுத்து விஷயத்தைச் சொல்லி, தொலைபேசியை என்னிடம் தந்தார். மறுமுனையில் ஒரு பெண் குரல், பின்னால் தாளிக்கும் சத்தத்தோடு.

“ரீச்சர், பயப்பிடாதேங்கோ. இந்த மனுசன் எப்பவும் ஆரையாவது கூட்டிக்கொண்டுதான் வாறவர். போன மாசம் ரெண்டு பேர். உங்களுக்கு மச்சம் பிரச்சினையில்லைத்தானே? மீன் குழம்பு வைச்சிருக்கிறன்.”

மீன் குழம்பைக் கேட்டபிறகு நான் யோசிக்கவில்லை.

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். இரண்டு அறை, ஒரு கூடம். குரலுக்குரிய தவராணி அக்கா வாசலிலேயே என் நனைந்த மேற்சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். பத்தொன்பது வயது மகள் நிவேதா, நான் வருமுன்பே தன் அறையிலிருந்து தலையணையையும் புத்தகங்களையும் கூடத்துக்கு மாற்றியிருந்தாள். வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அரைமணி நேரத்தில் கீழ் வீட்டு எரித்திரியாப் பெண் ஒரு கம்பளியும், தட்டு நிறையப் புளித்த மாவு அப்பமும் கொண்டுவந்து தந்துவிட்டு, என் இரண்டு கன்னங்களையும் மாறி மாறித் தொட்டுப் போனாள். அவளும் அதற்கு நான்கு வருடங்கள் முன் கைக்குழந்தையோடு அதே தரிப்பிடத்தில் நின்று, அண்ணனின் கண்ணில் பட்டு, ஒரு மாதம் அந்தக் கூடத்தில் படுத்தவளாம்.

“எப்படித் தெரியும் உங்களுக்கு?” என்று அண்ணனிடம் கேட்டேன். “பஸ் தரிப்பில் எத்தனையோ பேர் நிற்பார்கள்.”

“போக இடம் இருக்கிறவன் நிக்கிற விதம் வேறை, இல்லாதவன் நிக்கிற விதம் வேறை ரீச்சர். இருக்கிறவன் பஸ்ஸைப் பாப்பான். இல்லாதவன் ஆக்களைப் பாப்பான்” என்றார்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் நான் எழுந்து வந்தபோது அவர் அடுப்பங்கரையில் தனியாக நின்றிருந்தார். அக்காவும் மகளும் இன்னும் எழவில்லை. கோதுமை மாவை உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, கட்டையால் உருட்டாமல் உள்ளங்கையாலேயே தட்டித் தட்டித் தடிப்பாக விரித்துக் கல்லில் போட்டார். பக்கத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல். நான் பிறந்ததிலிருந்து காலையில் கண்ட ரொட்டி. விடியலில் மலைக்கு வேலைக்குப் போகுமுன், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தின் ஒவ்வொரு காம்பிரா அறையிலும் இதே தட்டும் சத்தம்தான் கேட்கும். யாழ்ப்பாணத்து வீட்டில் இப்படித் தட்டி நான் பார்த்ததில்லை.

“அண்ணே, இது எங்க வீட்டு ரொட்டி” என்றேன்.

அவர் திரும்பாமலே, “மெதுவா டீச்சர்” என்றார்.

நேற்று யாழ்ப்பாணத்து ‘ரீச்சர்’, இன்று எங்கள் பக்கத்து ‘டீச்சர்’. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பல்கனியில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார். மஞ்சக்கல் தோட்டம், மேற்கணக்கு, ஆறாம் லயம். அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்தவர், அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். இனக்கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தபோது அவருக்கு ஒன்பது வயது. பல குடும்பங்களைப் போல அவர்களும் வடக்கே போய்க் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கே பாடசாலையில் அவர் வாயைத் திறந்தாலே மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ‘தோட்டக்காட்டான்’ என்று பெயர் வைத்தார்கள்.

“ஒரு வருசம் பேசாம இருந்தேன் டீச்சர். வாத்தியாரு என்னை ஊமைன்னே நெனச்சாரு. அந்த ஒரு வருசமும் காது கொடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன். மறுபடி பேசினப்போ அவங்கள மாதிரியே பேசினேன். யாரும் சிரிக்கல. அதுக்கப்பறம் மாத்தல.”

அம்மாவும் அப்பாவும் அங்கேயே இறந்தார்கள். இருபத்திரண்டு வயதில் ஜேர்மனி வந்து, எட்டு யாழ்ப்பாண இளைஞர்களோடு ஓர் அறையில் தங்கியபோது கிளிநொச்சி என்று மட்டும் சொன்னார். அந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் தன் தங்கை தவராணியை அவருக்குக் கட்டிக்கொடுத்தார். யுத்தக் காலம், யாரும் ஊருக்குப் போய் விசாரிக்கிற நிலைமை இல்லை.

“அக்காவுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியாது. பொய்யின்னு ஒண்ணும் சொல்லல. ஆனா உண்மையச் சொல்லல. இப்ப ஒங்க பேச்ச அந்த பஸ் ஸ்டாண்டுல கேட்டப்ப, எங்கம்மா யாரையோ ஏசுற மாதிரியே இருந்திச்சு. அதான் பஸ்ஸ விட்டுட்டேன்.”

ரொட்டி தீயும் மணம் வந்தது. உள்ளே ஓடினார்.

அன்று பகல் நிவேதா என்னைத் துறைமுகம் பார்க்கக் கூட்டிப் போனாள். கப்பல்களைவிட நான் சொன்னவற்றைத்தான் அதிகம் கேட்டாள். தலவாக்கலை எங்கே இருக்கிறது, நானுஓயாவுக்கு ரயில் எப்படி வளைந்து வளைந்து ஏறும், என் மாணவர்கள் எப்படி மலையிறங்கி வருவார்கள், பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது எப்படி. அவளுடைய அப்பாவைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது என் கதை அல்ல. ஆனால் அவள் ஆசையோடு கேட்கக் கேட்க, எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு நாலு குடும்பங்கள் வருவதாக இருந்தது. கோயில் நிர்வாகத்தில் அண்ணனோடு இருப்பவர்கள். காலையில் வெங்காயம் உரிக்கிற சாட்டில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“டீச்சர், ஒரு ஒதவி. யாராச்சும் ஊரக் கேட்டா கொழும்புன்னு சொல்லிருங்க.”

நான் கத்தியை வைத்துவிட்டேன்.

“அவங்க கெட்டவங்க இல்ல. எனக்கு எவ்வளவோ செஞ்சவங்க. ஆனா மலநாடுன்னு வந்தா பேச்சு ஒரு மாதிரிப் போகும். சும்மா, வெளையாட்டாத்தான். நானும் இத்தன வருசமா சும்மா இருந்திருக்கேன். ஒங்கள முன்னாடி வச்சிக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது.”

எனக்குக் கோபம் வரவேண்டும். வகுப்பில் பிள்ளைகளிடம், எங்கே போனாலும் ஊரைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள் என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறவள் நான். ஆனால் தெருவில் நின்ற என்னைக் கூட்டிவந்து படுக்கை கொடுத்தவர், வெங்காயக் கண்ணீரோ வேறு கண்ணீரோ தெரியாமல் என் முன்னால் இருந்தார். “சரிங்க அண்ணே” என்றேன்.

பகலில் எல்லோரும் வந்தார்கள். நல்ல கலகலப்பு. என்னைச் சுற்றி உட்கார்ந்து ஊர்ப் புதினம் கேட்டார்கள். அவர்களில் மூத்தவர் குலம் அண்ணர் என்று எல்லோரும் அழைக்கும் ஒருவர், கோயில் தலைவர். சோற்றைக் குழைத்தபடி, “ரீச்சர் எவடம்?” என்று கேட்டார்.

“கொழும்பு” என்றேன்.

அந்தப் பொய் ஒரு தடங்கலும் இல்லாமல் என் வாயிலிருந்து வந்தது. அது எவ்வளவு இலகுவாக வந்தது என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பப்படத் தட்டோடு வந்த நிவேதா நின்றாள். “அன்ரி, நீங்கள் தலவாக்கலை எண்டெல்லோ நேற்றுச் சொன்னனீங்கள்? ரெயின் வளைஞ்சு வளைஞ்சு போற இடம்?”

பிள்ளை ஒரு கள்ளமும் இல்லாமல் கேட்டாள். குலம் அண்ணர் சிரித்தார். “கொழும்போ, தலவாக்கலையோ? ரீச்சருக்கே வடிவாத் தெரியேல்லைப் போல.” இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். என் முகம் சுட்டது. கையில் இருந்த சோற்றை வாயில் வைக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

தண்ணீர்ச் சாடியோடு நின்ற மகேந்திரன் அண்ணன் அதை மேசையில் வைத்தார்.

“அவங்க தலவாக்கலதாங்க” என்றார். “கொழும்புன்னு சொல்லச் சொன்னது நானு.”

அவர் அப்படிப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. நாடகம் போல நடித்துப் பேசுகிறார் என்று நினைத்து ஒருவர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்தினார்.

“நானும் தலவாக்கலதான். மஞ்சக்கல் தோட்டம், மேக்கணக்கு. எங்கம்மா கொழுந்தெடுத்தவங்க. எங்கப்பா கவ்வாத்து வெட்டினாரு. இத்தன வருசமா சொல்லல. அது என்னோட போகட்டும்னு இருந்தேன். ஆனா என் வீட்டுக்கு வந்தவங்கள நான் பொய் சொல்ல வச்சிட்டேன். அந்தப் பொய்யால அவங்க என் வீட்டு மேசையில தலைகுனிஞ்சு இருக்காங்க. அது சரியில்லீங்க.”

குலம் அண்ணர்தான் கடைசியில், “கிளிநொச்சி எண்டெல்லோ சொன்னனீர்?” என்றார்.

அடுப்பங்கரை வாசலில் சட்டியோடு நின்ற தவராணி அக்கா முன்னால் வந்தார். “கிளிநொச்சியிலையும் இருந்தவர்தானே. அதுக்கு முதல் தலவாக்கலை” என்றார், தெருவின் பெயரைச் சொல்வது போல. “குலம் அண்ணை, கத்தரிக்காய் இன்னும் கொஞ்சம் போடட்டே?”

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

ஒரு குடும்பம் பாயாசத்துக்கு நிற்காமல் எழுந்து போனது. மற்றவர்கள் சாப்பிட்டார்கள், பேச்சு மெல்ல மெல்ல வேறு பக்கம் போனது. குலம் அண்ணர் போகும்போது வாசலில் சப்பாத்தை மாட்டியபடி, “மகேந்திரன், இத்தினை வருஷம்…” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

பிறகு அடுப்பங்கரையில் நானும் அக்காவும் சட்டி கழுவிக்கொண்டிருந்தோம். அண்ணன் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“காய்ச்சல் வந்தால் சாயத்தண்ணி கேக்கிறனீங்கள். எங்கடை ஆக்கள் ஆர் பால் விடாத தேத்தண்ணியைச் சாயத்தண்ணி எண்டு சொல்லுறது? கலியாணம் முடிச்ச முதல் மாரியிலேயே தெரியும்.”

“இருபத்தொரு வருஷம். ஏன் ஒரு சொல்லும் கேக்கேல்லை?”

அக்கா சட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். “கேட்டிருந்தால் நீங்கள் இல்லை எண்டு சொல்லியிருப்பியள். பேந்து அந்தப் பொய்யோடை நாங்கள் ரெண்டு பேரும் குடும்பம் நடத்தவேணும். நீங்களாச் சொல்லுற நாள் வரட்டும் எண்டு இருந்தன்.”

நான் ஏதோ எடுக்கப் போவது போல அங்கிருந்து விலகி வந்தேன். கூடத்தில் நிவேதா தொலைபேசியில் வரைபடத்தை விரித்து, தலவாக்கலைக்கு மேலே பச்சையாக இருந்த இடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அன்ரி, இதிலை மஞ்சக்கல் எது?” என்று கேட்டாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன்.

மறுநாள் என்னை விமான நிலையத்துக்கு மூவரும் வந்து வழியனுப்பினார்கள். அண்ணன் என் பெட்டியை என்னிடம் தரும்போது, “நாங்க வருவோம் டீச்சர்” என்றார், சத்தமாகவே.

சொன்னபடி வந்தார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் ஆகஸ்ட் மாதத்தில். இடைப்பட்ட காலத்தில் நடந்தவற்றை எல்லாம் அந்த வாரத்தில்தான் கேட்டேன். எழுந்து போன அந்தக் குடும்பம் பிறகு அவர்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. “ஒரு வீடுதானே டீச்சர். நான் பயந்தது நகரம் முழுசுக்கும்” என்றார் அண்ணன். குலம் அண்ணர் எட்டு மாதம் முகம் கொடுக்காமல் இருந்து, ஒரு சனிக்கிழமை காலை தானே கதவைத் தட்டி, “மகேந்திரன், உந்த ரொட்டி இருக்குதோ?” என்று கேட்டாராம். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரங்களில் ஒருநாளும் தவறாமல் வந்திருந்தவர் அவர்தான் என்று இப்போது நிவேதா சொல்கிறாள்.

மஞ்சக்கல்லுக்கு நானும் கூடப் போனேன். முச்சக்கர வண்டி ஏறாத இடத்திலிருந்து நடந்தோம். தீப்பட்ட பிறகு பழுதுபார்த்த ஆறாம் லயம் அதே இடத்தில் இருந்தது. அண்ணன் பிறந்த காம்பிராவில் வேறொரு குடும்பம் இருந்தது. பெரியசாமி என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவர் முகம் சற்று வாடியது. அந்த வீட்டுப் பெண், கொழுந்து மலையிலிருந்து அப்போதுதான் வந்தவள், “வெளிய ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க, சாயத்தண்ணி ஊத்துறேன்” என்றாள்.

தவராணி அக்கா அவளிடம், “இவர் இந்த வீட்டிலைதான் பிறந்தவர்” என்றார்.

அந்தப் பெண் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கூரையைக் காட்டி, “அப்ப இந்த மூலையில ஒழுகுறது ஒங்க காலத்துலயிருந்தேங்களா?” என்று கேட்டாள்.

அண்ணன் சிரித்தார். குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். “ஆமாங்க. அதே மூலைதான். இன்னும் யாரும் கட்டித் தரலியா?” என்றார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு அவர்கள் இருவரும் கூரையைப் பற்றியும், நிர்வாகம் தகரம் தருவதாகச் சொல்லி வருவதைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினார்கள். நானும் நிவேதாவும் கொதிக்கக் கொதிக்கத் தேநீரைக் குடித்துவிட்டுக் காத்திருந்தோம்.

திரும்பிப் போன சில மாதங்களில் வயிற்றில் நோய் கண்டுபிடித்தார்கள். தன் நோயைப் பற்றி அவர் எனக்கு எழுதியது குறைவு. வாட்ஸ்அப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் குரலாகவே அனுப்புவார், எங்கள் பேச்சில், அவசரப்படாமல். பெரும்பாலும் யாரைக் கூட்டிவந்தார் என்ற செய்திதான். ஒரு தடவை சிரியாக்கார முதியவர் ஒருவர். பெயரைத் தவிர ஒன்றும் விளங்காமல் இருவரும் நான்கு நாள் சீட்டு விளையாடினார்களாம். நடக்க முடியாமல் போன பிறகு, ஜன்னல் வழியே வீட்டெதிரே இருந்த தரிப்பிடத்தைப் பார்த்து, யாராவது நின்றால் மகளைக் கீழே அனுப்பியிருக்கிறார். அக்கா ஏசினால், “அவங்க என்னப் பாக்க வரல. நான்தான் அவங்களப் பாத்தேன்” என்பாராம்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது என்ன என்று இந்த இரண்டு வாரமும் யோசித்தேன். அந்தக் குரல் செய்திகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்க இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை. வேறொன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல என்னைப் பற்றிய ஓர் உண்மையை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கொழும்பில் அலுவலகங்களில் ஊரைக் கேட்டால் நான் எப்போதும் ‘நுவரெலியா’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். மாவட்டம் அதுதானே, பொய் இல்லையே என்று. அவர்களும் பூந்தோட்டத்தையும் குளிரையும் நினைத்து முகம் மலர்வார்கள். ஹம்பேர்க்கில் அந்தப் பொய் அவ்வளவு இலகுவாக என் வாயில் வந்ததன் காரணம், எனக்கு அதில் நீண்ட பழக்கம் இருந்ததுதான்.

போன வெள்ளிக்கிழமை ஓய்வூதிய அலுவலாகக் கொழும்புக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, பிறந்த ஊர் எது என்று சிங்களத்தில் கேட்டார். தலவாக்கலை, ஊசிமலைத் தோட்டம், கீழ்க்கணக்கு என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுதத் தொடங்கி, பிழையாக எழுதி, பரவாயில்லையா என்பது போல என்னைப் பார்த்தார். பின்னால் வரிசை நீளமாக இருந்தது.

இல்லை, மாற்றி எழுதுங்கள் என்றேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதி முடித்ததும் படிவத்தை வாங்கி, சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை வாசித்த பிறகு கையெழுத்துப் போட்டேன்.